நம்பிக்கை இருந்தால் போதும், சைக்கிளை அப்பா வாங்கித் தருவார்

தன்னம்பிக்கைக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. சைக்கிளுக்கு உண்டு. ஓடுகிற ஷூவுக்கு உண்டு. நீச்சல் கண்ணாடிக்கும் உண்டு. விலையும் இல்லை, வரியும் இல்லை என்பதாலோ என்னவோ, நம் பிள்ளைகளுக்கு அதை மட்டும் அள்ளி அள்ளிக் கொடுக்கிறார்கள். பள்ளி விளையாட்டு விழா என்றால் ஒரு சிறப்பு விருந்தினர் வருவார். பத்து மணி விழாவுக்குப் பன்னிரண்டு மணிக்கு வருவார். அதுவரை பிள்ளைகள் வெயிலில் அணிவகுத்து நிற்கும். வந்தவர் மைக்கைப் பிடித்து, "உங்களால் முடியாதது இந்த உலகத்தில் எதுவுமே இல்லை" என்பார். நிழலில் உட்கார முடியாது. தண்ணீர் குடிக்கப் போக முடியாது. மற்றதெல்லாம் முடியும்.

இந்தப் பேச்சின் உச்சத்தை 2024-ல் சென்னை அசோக் நகர் அரசுப் பெண்கள் பள்ளியில் பார்த்தோம். மாணவிகளுக்கு ஊக்கம் கொடுக்க அழைத்துவரப்பட்ட மகாவிஷ்ணு என்ற பேச்சாளர், உடற்குறையோடு பிறப்பதும் ஏழையாகப் பிறப்பதும் போன பிறவிப் பாவம் என்று பாடம் எடுத்தார். பார்வையற்ற ஆசிரியர் ஒருவர்தான் எழுந்து எதிர்த்துக் கேட்டார். விஷயம் வெளியே வந்தது, ஊர் கொதித்தது, பேச்சாளர் கைதானார். ஆனால் அவர் புதுசாக என்ன சொல்லிவிட்டார்? மற்றவர்கள் மேடையில் சர்க்கரை தடவிச் சொல்வதை இவர் பச்சையாகச் சொன்னார். ஜெயித்தால் உன் நம்பிக்கை, தோற்றால் உன் குறை. இதுதானே எல்லா ஊக்கப் பேச்சின் சாரமும்? இதில் அரசாங்கத்துக்கு வேலை இல்லை. பயிற்சியாளருக்கு வேலை இல்லை. பட்ஜெட்டுக்கு வேலையே இல்லை.

இந்த வியாபாரம் இப்போது வந்து நிற்கிற இடம் டிரையத்லான். நீந்து, சைக்கிள் மிதி, ஓடு. ஒலிம்பிக் தூரம் என்றால் ஒன்றரை கிலோமீட்டர் நீச்சல், 40 கிலோமீட்டர் சைக்கிள், 10 கிலோமீட்டர் ஓட்டம். கோவாவில் 'அயர்ன்மேன்' என்ற பெயரில் நடப்பது இன்னும் நீளம். கடலில் 1.9 கிலோமீட்டர், சைக்கிளில் 90 கிலோமீட்டர், ஓட்டம் 21 கிலோமீட்டர். நம்மூர்க் கணக்கில் சொன்னால், பாளையங்கோட்டையிலிருந்து சைக்கிளில் பாபநாசம் போய்த் திரும்பி, சைக்கிளைப் போட்டுவிட்டு, சேரன்மகாதேவிக்கு ஓட வேண்டும். லேசுப்பட்ட காரியம் இல்லை. பெங்களூரு எம்.பி. தேஜஸ்வி சூர்யா 2024 அக்டோபரில் அதை முடித்தார். பிரதமர் பாராட்டினார். 2025 நவம்பரில் நம்ம அண்ணாமலை முடித்தார். பிரதமர் மறுபடியும் பாராட்டினார். நானும் கைதட்டுகிறேன். ஓர் அரசியல்வாதி எட்டு மணி நேரம் மைக் இல்லாமல் இருந்தார் என்றால் அதற்கே ஒரு பதக்கம் கொடுக்கலாம்.

இந்த அயர்ன்மேன், 1978-ல் ஹவாய்த் தீவில் 15 பேர் வீம்புக்குத் தொடங்கி 12 பேர் முடித்த பந்தயம். 2020-ல் அந்தக் கம்பெனி 73 கோடி டாலருக்குக் கைமாறியது. வீம்புக்கு இவ்வளவு விலை கிடைக்கும் என்று தெரிந்திருந்தால் நம்ம ஊர் முழுக்கக் கோடீஸ்வரர்கள்தான்.

விலை என்றதும் ஞாபகம் வருகிறது. கோவாவில் கடலில் இறங்குவதற்கான நுழைவுக் கட்டணமே இருபதாயிரத்துக்கு மேல். விமானமும் விடுதியும் தனி. கார்பன் தகடு வைத்த ஓட்டக் காலணி இருபதாயிரத்தைத் தொடும். இதயம் எப்படித் துடிக்கிறது என்று சொல்லும் கடிகாரம் அதைவிட ஜாஸ்தி. அதன் விலையைக் கேட்டாலே இதயம் எப்படித் துடிக்கிறது என்று தெரிந்துவிடும். சைக்கிள்தான் ராஜா. டிரையத்லானுக்கென்றே செய்த கார்பன் சைக்கிள் லட்சங்களில்தான் பேசும்; ஐந்து, பத்து, பதினைந்து என்று ஏறும். அந்த சைக்கிளில் ஸ்டாண்டு கிடையாது. மணி கிடையாது. கேரியர் கிடையாது. மட்கார்டு கிடையாது. இத்தனையும் இல்லாத சைக்கிளை நம்மூரில் ஐந்நூறு ரூபாய்க்குப் பழைய இரும்புக்காரரிடம் போடுவோம்.

இதை வாங்கித் தருகிற அப்பாவின் பிள்ளை மேல் எனக்குக் கோபம் இல்லை. விடியற்காலை நாலரைக்கு எழுகிறான். குளத்தில் நாற்பது, ஐம்பது சுற்று அடிக்கிறான். தசைப்பிடிப்பு பணக்காரன், ஏழை பார்ப்பதில்லை. கோபம் அதற்கப்புறம் நடக்கிற கூத்தின் மேல். அவன் வயதுப் பிரிவில் மூன்று பேர் நின்றிருப்பார்கள். இவன் மூன்றாவதாக வருவான். வெண்கலப் பதக்கம். மறுநாள் ரவுண்டானாவில் ஃப்ளெக்ஸ். 'தன்னம்பிக்கையின் சிகரமே' என்று உறவுக்காரர்கள் பத்துப் பேர் வட்டப் படத்தில் சிரிப்பார்கள். சரி, பிள்ளையை உற்சாகப்படுத்துகிறார்கள் என்று விட்டுவிடலாம். அந்தப் பையன் பள்ளியில் பேச அழைக்கப்படுகிறான். எதிரே அரசுப் பள்ளிப் பிள்ளைகள் தரையில் உட்கார்ந்திருக்கிறார்கள். "நான் என்னை நம்பினேன், ஜெயித்தேன்" என்கிறான். அவன் பொய் சொல்லவில்லை. அப்படித்தான் அவன் மனதார நினைக்கிறான். அவனை நம்பியது அவன் மட்டும் இல்லை, அப்பாவின் கிரெடிட் கார்டும்தான் என்று யாரும் அவனுக்குச் சொல்லித் தரவில்லை.

தன்னம்பிக்கை எங்கிருந்து வருகிறது என்பதற்கு 1977-லேயே ஆல்பர்ட் பந்துரா என்ற உளவியலாளர் பதில் எழுதிவிட்டார். ஒன்றைச் செய்து பார்த்து, அதில் ஜெயித்த அனுபவம்தான் முதல் ஊற்று. அடுத்து, நம்மைப் போன்ற ஒருவர் ஜெயிப்பதைக் கண்ணால் பார்ப்பது. 'உன்னால் முடியும்' என்று அடுத்தவர் சொல்லிக் கிளப்புவது பலவீனமான வழி என்று அவரே எழுதினார். அந்தக் கட்டுரை நம் கல்வித் துறைக்கு இன்னும் தபாலில் வந்து சேரவில்லை. அதனால் பலவீனமான அந்த ஒன்றை மட்டும் திட்டம் போட்டு நடத்துகிறார்கள்.

செய்து பார்க்க வாய்ப்பு வேண்டும். செய்து தோற்க இன்னும் பெரிய வாய்ப்பு வேண்டும். இங்கேதான் காசு பேசுகிறது. வசதிப்பட்ட வீட்டுப் பிள்ளை பத்துப் போட்டியில் தோற்கலாம். பதினொன்றாவதுக்கு டிக்கெட் எடுத்துத் தருவார்கள். முக்கூடலில் பீடி சுற்றுகிற அம்மாவின் பிள்ளைக்கு ஒரே ஒரு போட்டிதான். அதுவும் பஸ் காசு கடன் வாங்கி. அதில் தோற்றால், "போதும்டே, படிக்கிற வழியப் பாரு" என்று கதவு சாத்தப்படும். அம்மாவைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. முறத்தில் இருக்கிற இலையும் தூளும் அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் கட்டாக வேண்டும்.

நடிகர் மாதவனின் மகன் வேதாந்த் நல்ல நீச்சல்காரர். 2022-ல் டென்மார்க் ஓப்பனில் 800 மீட்டரில் தங்கம் வாங்கினார். அதற்கு முந்தைய ஆண்டு, கொரோனாவால் மும்பையில் பெரிய நீச்சல் குளங்கள் மூடிக் கிடந்தபோது குடும்பமே துபாய்க்குக் குடிபோனது. மாதவன் மறைக்கவில்லை, அவரே சொன்னார். குளம் மூடினால் நாட்டை மாற்றலாம் என்பது ஒரு தகப்பனின் அன்பு. அதில் தப்பில்லை. குளம் மூடினால் பூட்டைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போ என்பது நம் அரசாங்கத்தின் அன்பு.

அன்பில்லாமல் போன கதையும் நம்மிடம் உண்டு. குற்றாலீசுவரன். நம்ம குற்றாலநாதரின் பெயர்தான். 1994-ல், இன்னும் மீசை அரும்பாத வயதில், ஒரே ஆண்டில் ஆறு நீரிணைகளை நீந்திக் கடந்தார். ஐந்து கடந்திருந்த மிஹிர் சென்னின் சாதனை போனது. அர்ஜுனா விருது கொடுத்தார்கள். மாலை போட்டார்கள். படம் எடுத்துக்கொண்டார்கள். செலவுக்கு ஆள் தேடியபோது ஒருவரும் இல்லை. அவர் நீச்சலை விட்டுப் பொறியியல் படிக்கப் போனார், பிறகு அமெரிக்கா. நம்பிக்கை குறைந்தா விட்டார்? ஆங்கிலக் கால்வாயில் குளிரிலும் அலையிலும் நீந்திக் கரையேறிய பிள்ளைக்கா நம்பிக்கை இல்லை?

இப்போது நம்ம தாமிரபரணி ஆற்றங்கரைக்கு வருவோம். கல்லிடைக்குறிச்சி, முக்கூடல், சேரன்மகாதேவி, கொக்கிரகுளம், சீவலப்பேரி என்று எந்தப் படித்துறைக்கும் கோடை விடுமுறையில் போய்ப் பாருங்கள். அப்பா அம்மா "ஏலே, ஆத்துல எறங்காதலே" என்று கத்திக்கொண்டே இருப்பார்கள். பையன் அதற்குள் அக்கரையில் இருப்பான். பள்ளிக்குச் சைக்கிள் மிதிப்பான். சைக்கிள் இல்லாத நாள் பஸ்ஸைத் துரத்தி ஓடுவான். நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் ஒரே நாளில் முடிந்தது. சும்மா செய்தால் அதற்குப் பேர் ஏழ்மை. காசு கட்டிச் செய்தால் டிரையத்லான்.

இந்தப் பையனின் நீச்சலைக் கொஞ்சம் கவனித்துப் பார்க்க வேண்டும். தலையைத் தண்ணீருக்கு மேலே தூக்கிக்கொண்டே நீந்துவான். சுழல் எங்கே, பாறை எங்கே, எருமை எங்கே என்று பார்த்தாக வேண்டிய ஆற்று நீச்சல் அது. தலை மேலே போனால் இடுப்பு கீழே இறங்கும். இடுப்பு இறங்கினால் தண்ணீர் பிடித்து இழுக்கும். தோளில் எவ்வளவு வலு இருந்தாலும் பாதி வீண். முகத்தைத் தண்ணீருக்குள் வைத்து, பக்கவாட்டில் திரும்பி மூச்சு வாங்கப் பழக்கினால் அதே பையன் மீன். இதைச் சொல்லித் தர ஒரு பயிற்சியாளர் போதும். சின்ன வயதில் பிடித்தால் சீக்கிரம் படியும். வளர்ந்த பிறகு உடம்பு பழைய பழக்கத்தை விடாது. அந்தப் பயிற்சியாளர்தான் இல்லை. ஊக்கப் பேச்சாளர் இருக்கிறார். அவருக்கு நீச்சல் தெரியாது.

குளம் இல்லையா என்றால், இருக்கிறது. பாளையங்கோட்டை அண்ணா விளையாட்டரங்கில். பாபநாசத்துப் பையன் தினமும் விடிகாலையில் நாற்பது கிலோமீட்டருக்கு மேல் பஸ்ஸில் வந்து நீந்திவிட்டு, அதே தூரம் திரும்பிப் போய் முதல் பிரிவேளைக்கு உட்கார வேண்டும். அவன் வீட்டு வாசலில் ஆறு ஓடுகிறது. ஆற்றில் என்ன இருக்கும்? 'இங்கே குளிக்கத் தடை' என்று ஒரு போர்டு இருக்கும். ஒவ்வொரு கோடையிலும் தண்ணீரில் பிள்ளைகளைப் பறிகொடுத்துவிட்டு நாம் போர்டுக்குப் புதுப் பெயின்ட் அடிக்கிறோம். நீச்சல் சொல்லித் தருவதைவிடப் பெயின்ட் மலிவு.

தாமிரபரணி பொதிகையில் பிறந்து, ஏறத்தாழ 128 கிலோமீட்டர் ஓடி, புன்னைக்காயலில் கடலில் சேர்கிறது. பிறப்பும் முடிவும் தமிழ்நாட்டுக்குள்ளேயே. மேலே அணை போட்டுத் தடுக்க கர்நாடகம் இல்லை, வழக்குப் போட கேரளம் இல்லை. கெடுத்தது முழுக்க முழுக்க நாமே. இதைத்தான் சுயசார்பு என்கிறார்களோ? பாபநாசத்தில் பாவத்தைக் கழுவ வருகிறவர்கள் கட்டியிருந்த வேட்டி சேலையையும் ஆற்றிலேயே விட்டுப் போகிறார்கள். தன்னார்வலர்கள் இறங்கி மூட்டை மூட்டையாக அள்ளுகிறார்கள். 2018-ல் மகா புஷ்கரம் என்று லட்சக்கணக்கில் கூடி முங்கி எழுந்தோம். ஆற்றுக்குப் புண்ணியம் சேர்ந்ததா தெரியவில்லை, சாக்கடை நிற்கவில்லை. நெல்லை மாநகரின் கழிவுநீர் ஆற்றில் கலக்கிறதா என்று பார்க்க 2024 நவம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் நீதிபதிகளே நேரில் வந்தார்கள். கலெக்டர் அலுவலகம் கொக்கிரகுளத்தில், ஆற்றங்கரையில்தான் இருக்கிறது. நீதிபதிகள் வந்த தூரம் நூற்றைம்பது கிலோமீட்டருக்கு மேல். பக்கத்தில் இருப்பவர் மூக்குக்கு எட்டாத நாற்றம் மதுரை வரை எட்டியிருக்கிறது.

பாரிஸிலும் இதே கதைதான். சேன் நதியில் குளிப்பதற்கு நூறு ஆண்டாகத் தடை இருந்தது. 2024 ஒலிம்பிக்கில் டிரையத்லான் நீச்சலை அந்த ஆற்றில்தான் நடத்துவோம் என்று பிடிவாதமாக நின்று, சுமார் 140 கோடி யூரோ கொட்டினார்கள். ஜூலை மாதம் மேயர் அன் இதால்கோவே நீச்சல் உடையில் இறங்கி நீந்திக் காட்டினார். அப்படியும் தண்ணீர் சோதனையில் தேறவில்லை என்று ஆண்கள் போட்டி ஒரு நாள் தள்ளிப்போனது. உலகம் கேலி செய்தது. கேலி செய்யட்டுமே. தண்ணீரை சோதித்தார்கள், தேறாதபோது தேறவில்லை என்று ஒப்புக்கொண்டார்கள். நம்மூரில் இந்த இரண்டில் எதற்கு டெண்டர் விடுவது என்றுகூடத் தெரியாது. நெல்லைக்கு 2017-ல் ஸ்மார்ட் சிட்டிப் பட்டம் வந்தது. 2024 ஆகஸ்டில் மேயரானவர் கவுன்சிலராக இருந்த காலத்திலிருந்தே சைக்கிளில் போய்வருகிறவர் என்று பத்திரிகைகள் கொண்டாடின. நல்ல விஷயம். டிரையத்லானில் மூன்றில் ஒன்று மாநகராட்சியிடம் ஏற்கெனவே இருக்கிறது. நீச்சல்தான் பாக்கி.

சைக்கிள் என்றால், அரசாங்கம் இலவசமாகத் தருகிறதே என்பீர்கள். தருகிறது. 2001-ல் தொடங்கிய திட்டம். எத்தனையோ கிராமத்துப் பெண் பிள்ளைகள் மேல்நிலைப் பள்ளிக்குப் போனதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. அதைக் குறை சொல்கிறவன் நாக்கு அழுகட்டும். ஆனால் அந்த சைக்கிள் பதினொன்றாம் வகுப்பில் வருகிறது. நீச்சலுக்கும் ஓட்டத்துக்கும் பிள்ளைகளைக் கண்டெடுக்க வேண்டிய வயது பத்து. சைக்கிள் கைக்கு வரும்போது வயது பதினாறு. அதுவும் மாண்புமிகுவின் தேதி கிடைத்து, பந்தல் போட்டு, அரையாண்டு நெருங்கிய பிறகு வந்தாலும் வரும். வாங்கிய கையோடு பிள்ளைகள் அதைத் தள்ளிக்கொண்டு சைக்கிள் கடைக்குப் போய் நட்டு முறுக்குவார்கள். முதல் செலவு பயனாளியுடையது.

பள்ளிக்கூடத்தில் பி.டி. பீரியட் என்று ஒன்று கால அட்டவணையில் உண்டு. அட்டவணையில் மட்டும். கணக்கு வாத்தியார் அதைக் கடன் வாங்குவார். நாற்பது வருடமாகக் கடன் வாங்குகிறார், ஒரு நாளும் திருப்பியதில்லை. 2023-ல் விளையாட்டுத் துறை அமைச்சராக இருந்த உதயநிதி ஸ்டாலினே மேடையில் கணக்கு, அறிவியல் ஆசிரியர்களிடம் அந்தப் பீரியட்டைக் கடன் வாங்காதீர்கள் என்று கேட்டுக்கொண்டார். கைதட்டினோம். அமைச்சர் உத்தரவு போடுவார் என்று பார்த்தால் வேண்டுகோள் வைக்கிறார். உத்தரவெல்லாம் கார் பந்தயத்துக்கு வைத்திருந்தார்களோ என்னவோ. சென்னை தீவுத்திடலைச் சுற்றி ஃபார்முலா 4. 2023 டிசம்பர் வெள்ளத்தில் தள்ளிப்போய், 2024 ஆகஸ்ட் கடைசியில் இரவு வெளிச்சத்தில் கார்கள் சீறின. அதற்குச் செலவான அரசுப் பணம் 40 கோடிக்கு மேல். விவகாரம் உயர் நீதிமன்றம் வரை போனது. அதே 2023 டிசம்பரில் தாமிரபரணி கரை தாண்டி ஊருக்குள் வந்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. நம்ம பிள்ளைகளுக்கு அரசாங்கச் செலவே இல்லாமல் திறந்தவெளி நீச்சல் பயிற்சி தெருவிலேயே கிடைத்தது.

வசதியானவர் பிள்ளையாவது இந்த விளையாட்டில் நிலைத்து நிற்கிறானா என்றால் அதுவும் இல்லை. பதினேழு வயதில் நீட், இல்லையென்றால் ஐ.ஐ.டி. கோச்சிங். "சார், இதில சர்டிபிகேட் கிடைச்சா எந்த கோட்டாவுல வரும்?" என்பதுதான் பெற்றோரின் முதல் கேள்வி. பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டு வீரர்களுக்கு 500 இடம், எம்.பி.பி.எஸ்.ஸில் 7 இடம். எந்த விளையாட்டில் ஆள் குறைவு என்று பார்த்துப் பிள்ளையைச் சேர்க்கிற வித்தை தெரிந்தவர்கள் நம்மிடையே நிறைய. சீட் கிடைத்ததும் லட்ச ரூபாய் சைக்கிள் பால்கனியில் துணி காயப்போடும் கம்பியாகும். ஆக, வழி உள்ளவன் பாதியில் இறங்கிவிடுகிறான். வழி இல்லாதவன் ஏறவே இல்லை. 2000 சிட்னி தொடங்கி 2024 பாரிஸ் வரை ஒலிம்பிக்கில் ஏழு முறை டிரையத்லான் நடந்துவிட்டது. இந்தியாவின் 140 கோடிப் பேரில் ஒருவர்கூட ஒரு முறைகூடத் தொடக்கக் கோட்டில் நிற்கவில்லை. இங்கிலாந்தில் அலிஸ்டர் பிரவுன்லீ 2012, 2016 இரண்டிலும் தங்கம் வாங்கினார். தம்பி ஜானதன் ஒன்றில் வெண்கலம், ஒன்றில் வெள்ளி. அப்பா குழந்தை மருத்துவர், அம்மாவும் மருத்துவர். அங்கேயும் வசதிதான் முதல் படி. ஆனால் அந்தப் படிக்கு மேலே ஊரில் நீச்சல் கிளப், ஓட்டக் கிளப், பள்ளியில் ஓட விடுகிற வாத்தியார் என்று வரிசையாக ஆட்கள் இருந்தார்கள். இங்கே முதல் படிக்கு மேல் ஃப்ளெக்ஸ்தான் இருக்கிறது.

இந்தியாவில் இந்த விளையாட்டில் தாக்குப்பிடிக்கிற ஆண்களில் பலர் ராணுவத்திலிருந்து வருகிறார்கள். காரணம் தேடி அலைய வேண்டாம். ராணுவம் மாதச் சம்பளம் தருகிறது. முட்டை தருகிறது, கறி தருகிறது, குளம் தருகிறது, பயிற்சியாளரைத் தருகிறது. இந்த வருடம் தோற்றால் அடுத்த வருடம் வா என்கிறது. அப்புறம் பாருங்கள், தன்னம்பிக்கை தானாக வருகிறது. ஒரு பேச்சாளர்கூடத் தேவைப்படவில்லை.

இத்தனை சொல்லியும் நம்ம சீமைக்கே உரிய ஒரு வசதியைச் சொல்லாமல் விட்டால் பாவம். சாதி. டிரையத்லானில் நேரம் கணக்கெடுக்கக் கணுக்காலில் ஒரு சிப் கட்டுவார்கள். நம்மூர்ப் பள்ளியில் மணிக்கட்டில் கலர் கயிறு கட்டுகிறார்கள். அதுவும் கணக்கெடுக்கத்தான். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளி மாணவன் ஒருவனையும் அவன் தங்கையையும் வீடு புகுந்து வெட்டினார்கள். நீதிபதி சந்துரு குழு போட்டார்கள். 2024 ஜூனில் அறிக்கை வந்தது, கயிறு கூடாது என்றது. அறிக்கை பத்திரமாக இருக்கிறது. கயிறும் பத்திரமாக இருக்கிறது.

2025 மார்ச்சில், ஸ்ரீவைகுண்டம் பக்கத்துப் பதினொன்றாம் வகுப்பு மாணவன் ஒருவன் பாளையங்கோட்டைக்குத் தேர்வு எழுத பஸ்ஸில் வந்துகொண்டிருந்தான். பஸ்ஸை மறித்து, இறக்கி, வெட்டினார்கள். கை விரல்கள் துண்டாயின. கபடிப் போட்டியில் ஜெயித்ததுதான் பகை என்று குடும்பத்தார் சொன்னார்கள். மருத்துவர்கள் பல மணி நேரம் போராடி விரல்களைச் சேர்த்துத் தைத்தார்கள்.

கபடிக்குக் கார்பன் சைக்கிள் வேண்டாம். நுழைவுக் கட்டணம் வேண்டாம். ஒரு துண்டு மண்ணும் ஒரு டவுசரும் போதும். காசு கேட்காத அந்த விளையாட்டிலும் நம்மாள் ஒரு கட்டணம் வைத்திருக்கிறான். இந்த மண்ணிலிருந்துதான் மணத்தி கணேசன் போய் 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற இந்தியக் கபடி அணியில் ஆடினார், அர்ஜுனா விருது வாங்கினார். 2025 அக்டோபரில் அவர் வாழ்க்கையை ஒட்டி மாரி செல்வராஜ் எடுத்த 'பைசன்' வந்தபோது தியேட்டரில் விசிலடித்தோம். படத்தில் நடந்தது அந்தக் காலம் என்று நினைத்துக்கொண்டு விசிலடித்தவர்கள் நம்மில் பாதிப் பேர். ஸ்ரீவைகுண்டத்துப் பையன் கையில் தையல் போட்டு அப்போது ஏழு மாதம்தான் ஆகியிருந்தது.

அந்தப் பையனிடம் போய் யாராவது தன்னம்பிக்கை வகுப்பு எடுப்பார்களா? நம்பினான், ஆடினான், ஜெயித்தான். பந்துரா சொன்ன முதல் ஊற்று அவனிடம் நிறைய இருந்தது. அவனிடம் குறையவில்லை. குறைந்தது நம்மிடம். ஜெயித்துவிட்டு நிம்மதியாக பஸ்ஸில் ஊர் வந்து சேரலாம் என்ற உறுதியை இந்த அரசாலும் இந்த ஊராலும் ஒரு பிள்ளைக்குத் தர முடியவில்லை.

ஆகவே அண்ணாச்சிமாரே, ஒரு சின்ன ஏற்பாடு செய்யலாம். இனி ஓட்டுக் கேட்டு வருகிறவர் எந்தக் கட்சியாக இருந்தாலும் சரி, எந்த மெடல் மாட்டியிருந்தாலும் சரி, பிள்ளைகளின் எதிர்காலம் பற்றி வாயைத் திறந்ததும் நிறுத்துங்கள். வேண்டுமென்றால் ஒரு சோடா கொடுங்கள். பிறகு குறுக்குத்துறைப் படிக்குக் கூட்டிப் போய், சட்டையைக் கழற்றி, முகத்தைத் தண்ணீருக்குள் வைத்து அக்கரை வரை நீந்திக் காட்டச் சொல்லுங்கள். வாயை நன்றாகத் திறந்து மூச்சு வாங்கச் சொல்லுங்கள். மூன்று நாள் கழித்தும் தெம்பாக இருந்தாரென்றால் ஓட்டுப் போடுங்கள்.